மழைக் கண்டியும் பனி டயரும்



கண்டியைப் பார்க்க வருகிறவர்கள் வாவியைச் சுற்றி நடப்பார்கள், பேராதனைப் பூங்காவில் ஒரு பகல் இருப்பார்கள், மீரா மக்காம் பள்ளியில் இரண்டு ரகஅத் தொழுவார்கள், திரும்பிவிடுவார்கள். இன்று உங்களை நான் அழைத்துப் போவது இவை எதற்கும் அல்ல. அங்கெல்லாம் போய்ச்சேர நாம் உருண்டு போகிற ரோட்டுக்கும், அந்த ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற நான்கு ரப்பர் வளையங்களுக்கும்தான். டயர் ஆண்கள் பாடு என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணவர் சவூதியிலோ கட்டாரிலோ இருக்க, பிள்ளைகளை ஸ்கூலுக்கும் மத்ரஸாவுக்கும் தாமே காரில் ஏற்றிக்கொண்டு போகிற உம்மாமார் நம் ஊர்ப் பக்கங்களில் இன்று எத்தனை பேர்!

என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. அக்குறணையில் வீடு, கண்டியில் பிள்ளைகளின் பாடசாலை. போன ஒக்டோபரில் ஒரு காலை, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, மஹியாவையிலிருந்து டவுனுக்கு இறங்குகிற இறக்கம். நல்ல மழை. முன்னால் போன பஸ் நின்றது. இவள் பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய்ப் பக்கத்து மதிலோடு உரசித்தான் நின்றது. பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் இல்லை. பிரேக்கில் கோளாறு என்று நினைத்து கராஜுக்குக் கொண்டுபோனால், அங்கே பாஸ் குனிந்து டயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்: "தங்கச்சி, இது ஐஸ்ல ஓட்டுற டயர். கண்டியில எங்க ஐஸ் பெய்யுது?"

விஷயம் இதுதான். நம் நாட்டுக்கு வருகிற பாவித்த கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வருகிறவை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ பக்கம் மாதக்கணக்கில் பனி கொட்டும். அங்கே குளிர்காலத்துக்கென்றே தனி டயர் பூட்டுவார்கள். ஆணி வைக்காத பனி டயர் என்ற அர்த்தத்தில் அதற்கு 'ஸ்டட்லெஸ்' என்று பெயர். சில கார்கள் அந்த டயரோடேயே கப்பலேறிவிடும். கழற்றிய பழைய டயர்களையும் தனியாக வாங்கி விற்பார்கள். தங்கை வாங்கியது அப்படித்தான். ஒரு கடையில், "ஜப்பான் டயர், கட்டை நிறைய இருக்கு, விலையும் பாதி" என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். கட்டை நிறைய இருந்தது உண்மைதான்.

பனி டயரின் ரப்பர் மிக மெதுவானது. ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயர் மரக்கட்டை போல் இறுகும். இது இறுகாமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். அதன் கட்டைகளில் மெல்லிய நெளிவுக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், பனியைக் கவ்விப் பிடிக்க. கண்டியிலோ குளிர் என்று நாம் போர்த்திக்கொள்கிற மார்கழி விடியலில்கூட அந்த ஏழு பாகை வராது. சூடான தாரில் அந்த மெதுவான கட்டைகள் குழைந்து ஆடும், சீக்கிரம் தேயும், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரை விடத் தூரம் போய்த்தான் நிற்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், அதைப் படம் எடுக்க ஆட்கள் ஓடுவார்கள். ஆனாலும் அதற்காகப் பனி டயர் வேண்டியதில்லை. வெயில் ஏறினால் அது போய்விடும்.

நீங்களே கண்டுபிடிக்கலாம். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட சின்னம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் ஸ்டட்லெஸ் என்ற எழுத்து இருக்கிறதா? இருந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

நமக்கு வேண்டியது மழை டயர். அப்படித் தனியாக ஒரு சாமான் கிடையாது. நீரை வெளியே தள்ளுகிற ஆழமான வாய்க்கால்கள் உள்ள, வயசு போகாத, சாதாரண டயர்தான் அது. வாய்க்கால் தேய்ந்துபோனால் வேகமாகப் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் படலமாகத் தங்கிவிடும். அப்போது ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தும் இல்லாத மாதிரி. வாய்க்காலுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். கட்டை அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். பல நாடுகளில் சட்டம் அதுவரை விடுகிறது. நம் மலை ரோட்டில் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

எந்த ரோட்டைச் சொல்கிறேன் என்று தெரியுமல்லவா? கொழும்பிலிருந்து ஏறி வரும்போது மாவனல்லை தாண்டினதும் தொடங்குகிற கடுகண்ணாவைக் கணவாய். பாறையைக் குடைந்த பழைய வழியும், ரோடு போட்ட டோசன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் நினைவுக் கோபுரமும் அங்கே நிற்கின்றன. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோட்டில் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கி எதிரே வருகிற லொறி தெரியாது. மஹியங்கனைப் பக்கம் இறங்கினால் பேர் பெற்ற பதினெட்டு வளைவு. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் கடைவீதியே ஆறாகிவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிந்து ரோடுகள் அறுந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் எந்த டயரும் உதவாது, வீட்டில் இருப்பதுதான் சரி. நான் சொல்வது மற்ற மழை நாட்களுக்கு. ஒக்டோபர், நவம்பரில் இங்கே பின்னேரம் மழை இல்லாத நாள் குறைவு.

இனி கடைக்குப் போவோம். முதலில் அளவு. பக்கவாட்டில் 155/65 ஆர் 14 என்பது போல் எழுதியிருக்கும். 155 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு உயரம். 14 என்பது ரிம்மின் அங்குலம். சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்குரிய அளவும் காற்றும் அதில் உண்டு. அதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இது கொஞ்சம் பெருசு, ஆனா பூட்டலாம்" என்றால் கேட்காதீர்கள். பெரிசு பூட்டினால் வளைக்கும்போது உரசும், ஸ்பீட் மீட்டரும் பொய் சொல்லும். ஜப்பான் ஸ்டிக்கரில் காற்று 240 என்று கண்டு பயப்படாதீர்கள், அது கிலோபாஸ்கல். ஏழால் வகுத்தால் ஏறக்குறைய நம் ஷெட்காரர் சொல்லும் கணக்கு வரும், 34, 35.

அடுத்து வயசு. முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம் செய்தது. புதுசு போலக் கறுப்பாகப் பளபளத்தாலும் ஏழெட்டு வருஷம் கிடந்த டயரின் ரப்பர் இறுகியிருக்கும். தங்கையின் டயரில் இருந்தது 3815. ஒன்பது வருஷத்துச் சாமானுக்குத்தான் அவள் பாதி விலை கொடுத்திருக்கிறாள்!

காசு பற்றாதே என்பீர்கள். உண்மைதான், நான்கையும் ஒரேயடியாக மாற்ற எல்லோராலும் முடியாது. இரண்டிரண்டாக மாற்றுங்கள், ஒரே அளவு, ஒரே மாதிரி ஜோடியாக. புது ஜோடியைப் பின்னால் பூட்டச் சொல்லுங்கள். முன்னால்தானே எஞ்ஜின் இழுக்கிறது என்று கடைக்காரர் தர்க்கிப்பார். மழையில் பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பெயர் பெற்ற வெளிநாட்டு டயர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1876இல் பேராதனைப் பூங்காக்காரர்களின் பொறுப்பில் கம்பஹா ஹெனரத்கொடையில் முதல் ரப்பர் நாற்றுகள் நட்ட நாடு இது. களனியில் செய்கிற டயரே சின்னக் கார்களுக்குப் போதும். வயசு புதுசாக இருந்தால், பழைய ஜப்பான் டயரை விட அதுவே மேல். ரீபில்ட் பண்ணியதை லொறிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பூட்டினதும் முதல் நூறு கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல் அச்சு எண்ணெய் இருக்கும். பிறகு மாதம் ஒருமுறை, வண்டி சூடேறுமுன் காற்றுப் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

தங்கை கைவளையல் ஒன்றை அடகு வைத்து, இரண்டு புது டயர் வாங்கினாள். மற்ற இரண்டை மாதம் பொறுத்து மாற்றினாள். மஹியாவை இறக்கத்தில் இப்போதும் இரண்டாம் கியரில்தான் இறங்குகிறாள். டிக்கியில் கிடக்கிற ஸ்பெயார் வீலையும் ஒருநாள் இறக்கிப் பார்த்திருக்கிறாள்: அதிலும் பனிப்பூச் சின்னம்!