அவுரித் தொட்டியில் அமிலமும் காரமும்

அவுரி பயறு வகையைச் சேர்ந்த செடி. விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் அது நீலச் சாயத்துக்காகப் பயிராகிறது. விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில், பூ எடுக்கும் முன்பே அறுத்துவிடுகிறார்கள். ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினால், வேர்களில் சிறு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அங்கே வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அணுக்களிரண்டும் முப்பிணைப்பால் இறுகியிருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது நேரடியாகப் பயன்படுவதில்லை. தொழிற்சாலையில் அந்தப் பிணைப்பை உடைக்க 400 பாகைக்கு மேல் வெப்பமும் கடும் அழுத்தமும் வேண்டும். வேர்முடிச்சு அதை வயல்மண்ணின் சூட்டிலேயே செய்து முடிக்கிறது.

இப்படிக் கிடைத்த நைட்ரஜனில் ஒரு பகுதி இலையில் இண்டிகன் என்ற நிறமற்ற சேர்மமாகத் தங்குகிறது. அதனால்தான் பச்சை இலையில் நீலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுத்த செடிகளைக் கட்டுக்கட்டாக மேல்தொட்டியில் அடுக்கி, மிதக்காதபடி பாரம் வைத்து, நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுகிறார்கள். இலையின் நொதி இண்டிகனைச் சர்க்கரையாகவும் இண்டாக்சிலாகவும் பிரிக்கிறது. சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியா கரிம அமிலங்களையும் கரியமில வாயுவையும் வெளிவிடுவதால் நீர் மெல்ல அமிலத்தன்மை அடைகிறது. இந்த வேளையில் தொட்டியிலிருந்து எழும் புளித்த வாடை கடுமையானது. ஊறல் போதுமா என்பதை வாடையையும் நீரின் நிறத்தையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். ஊறல் மிஞ்சினால் சாயம் கெடும்.

மஞ்சள் கலந்த பச்சை நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கியதும் சுண்ணாம்பு சேர்கிறது. ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். சுண்ணாம்பு முதலில் நீரிலுள்ள அமிலங்களைச் சமன் செய்கிறது. பிறகு இண்டாக்சிலிடமிருந்தும் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறிக்கிறது. அப்படி இழந்த இண்டாக்சில் ஆக்சிஜனுடன் விரைந்து வினைபுரியும். இரண்டிரண்டாக இணைந்து அது நீலமாகிறது. பிஎச் அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு வேறுபாடு என்பதால், கை சற்றுத் தாராளமானாலும் விளைவு பெரிது. மிகுந்த சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து, கட்டியை வெளிறவும் கனக்கவும் செய்யும்.

ஆக்சிஜனைக் கொண்டு வருவது மனிதர்களின் கால்கள். சென்று பார்த்த தொட்டியில் ஆட்கள் வரிசையாக இறங்கி, ஒரே தாளத்தில் நீரை உதைத்து அலைத்தார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. வெளிர்பச்சை நுரை நீலமாகிப் பொங்கி, பிறகு அடங்குகிறது. நுரை அடங்கினால் வினை முடிந்தது. கருவி எதுவும் காட்டாத நுட்பத்தை அந்தக் கண்கள் பிடிக்கின்றன; இதை வெறும் உடலுழைப்பு என்று எழுதுவது தவறு. சுண்ணாம்பு நீர் தோலின் எண்ணெய்ப்பசையைச் சோப்பாக்கிக் கரைத்துவிடுவதால் காலில் வெடிப்பு விழும். கூலியைப் பேசும்போது இந்தக் கால்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீரில் கரையாத நீலம் அடியில் படிகிறது. தெளிந்த நீரை வடித்து, குழம்பைக் காய்ச்சித் துணியில் வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி நிழலில் உலர்த்துகிறார்கள். நல்ல கட்டியை நகத்தால் தேய்த்தால் செம்பு நிற மினுக்கு வரும்.

ஒவ்வொரு நீல மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அதன் அமைப்பை அடோல்ஃப் வான் பேயர் 1883இல் தெளிவாக்கினார். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; இந்திய அவுரி வணிகம் சரிந்தது. அதே நிறுவனம்தான் 1913இல் ஓப்பாவில் காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முதல் பேராலையைத் தொடங்கியது. சாயம் தருவது, மண்ணுக்கு நைட்ரஜன் ஊட்டுவது என்ற அவுரியின் இரு பணிகளும் பதினாறே ஆண்டுகளில் ஆலைக்குப் போயின.

தொட்டியில் மிஞ்சும் சக்கை வயலுக்கு எருவாகிறது. அதிலுள்ள புரதம் அழுகி அம்மோனியமாகிறது; மண் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த மாற்றத்தில் ஓர் அம்மோனியம் அயனிக்கு இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியாவதால் மண் சிறிது அமிலமாகும். அம்மோனிய உரத்தை ஆண்டுக்கணக்கில் கொட்டிய நிலம் புளித்துப்போவதும் இதனாலேயே. தொட்டிக் கழிவுநீரில் எஞ்சிய சுண்ணாம்பு அந்த அமிலத்தை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அதை அப்படியே ஒரே வயலில் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் காரம் ஏறி, இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் இளம் இலைகள் மஞ்சளிக்கும். கிணற்று நீரோடு கலந்து, வயல் மாற்றிப் பாய்ச்சுவதே நல்லது.