நெல்மணி அளவு வெள்ளை

நாட்டிங்ஹாம், இங்கிலாந்து



போன மார்கழியில் சொந்த ஊரான பாபநாசம் போயிருந்தேன். ஒரு விடியலில் அம்மா போட்ட கோலத்தில் இழை ஒன்று புள்ளியை விட்டு விலகி ஓடிற்று. ஐம்பது வருஷமாகப் பிசகாத கை. வலது கை விரலிடுக்கில் மாவு நிற்கவில்லை, நாக்கும் குழறிற்று. கால்மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, பித்தம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வற்புறுத்திக் காரில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில், சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, கூட்டிப் போகலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன். "உள்ள தவில் அடிக்கிற மாதிரி சத்தம்ப்பா" என்றபடி வெளியே வந்தாள். திரையில் சாம்பல் நிற மூளைக்குள், இடப்பக்கம் ஆழத்தில், நெல்மணி அளவுக்கு ஒரு வெள்ளை. மைல்டு ஸ்ட்ரோக்.

சி.டி. பொய் சொல்லவில்லை. ரத்தக்கசிவு என்றால் உடனே காட்டிவிடும். ரத்தக்குழாய் அடைத்த சின்ன இடம் முதல் சில மணி நேரத்தில் அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் படாது. மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்குழாய்கள் நம் கடைமடைக் கன்னி வாய்க்கால்கள் போல. பிரஷரும் சர்க்கரையும் பல வருஷம் தூர்த்துக்கொண்டே வந்து, ஒருநாள் ஒன்று அடைபடும். ரத்தம் கிடைக்காத செல்கள் வீங்கும். அங்கே நீரின் நடமாட்டம் முடங்கும். எம்.ஆர்.ஐ.யில் 'டிஃப்யூஷன்' என்ற படம் அந்த முடக்கத்தைத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. பழைய தழும்பா, புதிதாக வந்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

தலை துளி அசைந்தாலும் கெட்டுவிடும் படம் அது. கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்கும் வேகத்துக்கு 1977-இல் வழி சொன்னவர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு. நான் குடியிருக்கும் இந்த நாட்டிங்ஹாமின் பல்கலைக்கழகத்தில்தான் உழைத்தார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1978-இல், தாம் உருவாக்கிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் தாமே முதல் ஆளாகப் போய் நின்றார். 2003-இல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசு பெற்றார். அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் அம்மாவின் கோலம் ஞாபகம் வந்து நெஞ்சு நிறைகிறது.

ஊர்க்காரர்களே, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் சும்மா இருக்காதீர்கள். பெரிய பக்கவாதம் அடுத்த சில நாட்களிலேயே வரக்கூடும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. நன்றாயிருக்கிறது என்று சொன்னால், "எம்.ஆர்.ஐ. வேண்டுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.