பாதிரியார் வீட்டுக் கல்வெட்டுகள்

பெங்களூரு ஹலசூரை ஒட்டிய மர்பி டவுனில் கால் வைத்தால், வழி கேட்க வேறு மொழி தேட வேண்டியதில்லை. காய்கறிக் கடையில் பேரம், குழாயடியில் சண்டை, கோயில் திருவிழா ஒலிபெருக்கி எல்லாம் தமிழில்தான். முன்பு இதன் பெயர் நாக்ஸ்பேட்டை. பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட்டில் கடைநிலை வேலைகளைச் செய்த ஏழைத் தமிழர்களுக்காக இங்கு வீடுகள் கட்டினார்கள். மனைகளை வகுத்த பொறியாளர் மர்பியின் பெயர் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது.

1809-ல் கன்டோன்மென்ட் உருவானது. அந்தப் பட்டாளத்தின் பின்னாலேயே சமையல்காரர்களும் சலவைத் தொழிலாளர்களும் வியாபாரிகளும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். மேற்கே கெம்பே கௌடா கட்டிய பழைய பேட்டையில் கன்னடம், கிழக்கே கன்டோன்மென்ட்டில் தமிழும் ஆங்கிலமும். 1949-ல் ஒரே மாநகராட்சியாகும்வரை இரண்டும் தனித்தனி ஊர்கள் போலவே இருந்தன. இன்றும் சிலர் மனதில் அந்தக் கோடு அழியவில்லை. "நீங்கள் வெள்ளைக்காரனோடு வந்தவர்கள்தானே?" என்ற கேள்வியை மர்பி டவுன் போன்ற பகுதிகள் அவ்வப்போது சந்திக்கின்றன.

இந்தக் கேள்விக்கான பதில் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைக்கிறது. ஒரு ஆங்கிலேயப் பாதிரியாரின் குடும்பத்தில்.

1820-லேயே பெங்களூரில் லண்டன் மிஷன் தன் பணியைத் தொடங்கிவிட்டது. அதன் ஊழியராக 1837-ல் வந்து சேர்ந்தார் பெஞ்சமின் ரைஸ். வயது 22. ஊழியம் செய்யத் தமிழ் கற்கலாம், அல்லது கன்னடம் கற்கலாம். ரைஸ் கன்னடத்தைத் தேர்ந்தெடுத்துப் பேட்டைப் பக்கம் போனார். ஐம்பது ஆண்டுகள் கன்னடத்தில் பிரசங்கம் செய்தார். கன்னட பைபிளைத் திருத்தும் பணியில் பங்கேற்றார், பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். பெண்களைப் படிக்க அனுப்புவதே தவறு என்று பலரும் நினைத்த அந்தக் காலத்தில், அவர் மனைவி சக ஊழியரின் மனைவியோடு சேர்ந்து கன்னடச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்தினார். 1887-ல் ரைஸ் காலமானார். நெரிசல் மிகுந்த அவென்யூ ரோட்டில், புத்தகக் கடைகளுக்கு நடுவே நிற்கும் ரைஸ் நினைவு ஆலயம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

தந்தை வந்த அதே 1837-ல், ஜூலை மாதம், பெங்களூரில் பிறந்தார் மூத்த மகன் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். படிக்க இங்கிலாந்து போனவர் 1860-ல் பள்ளித் தலைமையாசிரியராகத் திரும்பி வந்தார். பின்னர் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகக் குதிரையேறி மைசூர் நாடெங்கும் சுற்றினார். போன இடமெல்லாம் எழுத்துப் பொறித்த கற்கள். பார்வையிடப் போனவரின் கண் கற்களின் மீது தங்கிவிட்டது. 1879-ல் 'மைசூர் கல்வெட்டுகள்' என்ற நூலை வெளியிட்டார். தொடர்ந்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெருந்தொகுப்பில், 12 தொகுதிகளில், ஏறக்குறைய 9,000 கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். 1892-ல் சித்ரதுர்கா மாவட்டத்தில் அசோகரின் கல்வெட்டுகளைக் கண்டறிந்தவரும் அவர்தான். இளைய மகன் எட்வர்ட் ரைஸ் தந்தையின் வழியில் மிஷனரியானார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் கன்னட இலக்கிய வரலாறு ஒன்றையும் எழுதினார். கன்னடத்துக்கு இப்படி உழைத்த வெளிநாட்டுக் குடும்பங்கள் மிகச் சில.

மர்பி டவுன் கவனிக்க வேண்டியது அந்தத் தொகுப்பின் 9-ஆம் தொகுதியை. 1905-ல் வெளிவந்த அது பெங்களூர் மாவட்டத்துக்கானது. சில கிலோமீட்டர் தெற்கே, இன்று மேம்பாலமும் மென்பொருள் நிறுவனங்களுமாக இருக்கும் தொம்மலூரில், சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டுகளும் அதில் இடம்பெற்றன. அவற்றில் பல தமிழ். எலகங்கா 'இலைப்பாக்க நாடு' ஆகிறது. தொம்மலூருக்கு 'தேசிமாணிக்கப்பட்டினம்' என்று இன்னொரு பெயர். அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தி 1270-ஆம் ஆண்டினது. ஆண்டவர்களோ சோழர்கள் அல்லர், கன்னட நாட்டு ஹொய்சளர்கள். கன்டோன்மென்ட்டுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய தமிழ் அது. அடுத்து வந்த கோலார் தொகுதியிலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம்.

இதை வைத்து யாரும் மண்ணுக்கு உரிமை கொண்டாட முடியாது. அழகியாரின் வாரிசுகள் மர்பி டவுனில் இருப்பதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை. அந்த மாவட்டத்திலேயே கன்னடக் கல்வெட்டுகளும் எங்கும் நிறைந்திருக்கின்றன. இரண்டு மொழிகளும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்திருக்கின்றன என்பதே கற்கள் சொல்லும் செய்தி. வாழ்நாளெல்லாம் கன்னடத்துக்கு உழைத்த ஒருவர் தமிழ்க் கல்லைக் கண்டபோது ஒதுக்கிவிடவில்லை. இருந்ததை இருந்தபடி பதிப்பித்தார்.

அந்த நேர்மை எல்லாக் காலத்திலும் வாய்க்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தகராறு கலவரமாக வெடித்தபோது தமிழ்க் குடும்பங்கள் பல ஊரைவிட்டு ஓடின. ஹலசூர் ஏரிக்கு அருகே அதே ஆண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திரை விலகியது. அதே வாரம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 2016-ல் காவிரியால் மீண்டும் பேருந்துகள் எரிந்தன.

லூயிஸ் ரைஸ் 1906-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1927-ல், 90 வயதை எட்டச் சில நாட்களே இருந்தபோது, அங்கேயே மறைந்தார். நகரம் வளர்ந்த வேகத்தில் அவர் படித்த கற்கள் சில காணாமல் போய்விட்டன. அவற்றின் வாசகங்களுக்கு இன்று அவருடைய பதிப்பே சாட்சி. மர்பி டவுனிலிருந்து தொம்மலூருக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரப் பயணம்தான். கோயில் சுவரில் இருப்பது பழைய தமிழ் எழுத்து. நின்று நிதானமாகப் பார்த்தால் சில எழுத்துகளாவது பிடிபடும்.