சாச்சி குளித்தால் எங்கள் அறைக்குள் மழை

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்தா வீட்டுக்கு மேலே, தங்கச்சி வீட்டுக்கு மேலே வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களாவது கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

எங்களுக்கும் அதே கதைதான். கீழ் வீடு ராத்தாவுக்கு, மேல் வீடு எனக்கு. காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி ஊர்களில் ரெண்டாவது மகளுக்கும் தனிக் காணி வாங்கி வீடு கட்டிக் கொடுக்க எத்தனை வாப்பாமாருக்கு முடியும்?

மேல் வீட்டு வேலை முடியும்போது நோன்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. மேசன் காக்கா பாத்ரூம் நிலத்துக்கு வாட்டர் புரூஃப் ஒரு பூச்சு அடித்துவிட்டு, "டீச்சர், இன்னொரு கோட் அடிக்கணும். காஞ்ச பிறகு ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பாக்கணும். அதுக்குப் பிறகுதான் டைல்ஸ்" என்றார். நான்தான் அவசரப்பட்டேன். "மேல டைல்ஸ் வருதே காக்கா, தண்ணி எங்கால இறங்கும்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டைல்ஸ் ஒட்டினார். நோன்புக்கு முந்தி குடிபுகுந்தோம்.

பெருநாளுக்குப் பிறகு ராத்தா மேலே வருவது குறைந்தது. முகத்திலும் பழைய சிரிப்பு இல்லை. மேல் வீடு தன் வீட்டைவிட வடிவாக வந்துவிட்டது என்று மனத்தாங்கலாக்கும் என நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கணும், இவரிடம் அப்படிச் சொல்லியும் விட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை, ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகும்போது ராத்தாவின் சின்ன மகன் பின்னாலிருந்து சொன்னான்: "சாச்சி, நீங்க குளிக்கக்குள்ள எங்கட அறைக்குள்ள மழை பெய்யிது."

பாடசாலை விட்டதும் நேரே கீழ் வீட்டுக்குப் போனேன். ராத்தா தொழுகிற மூலைக்கு மேலே பெயின்ட் கொப்பளித்து, மண்ணிறத்தில் ஒரு பெரிய கறை. கீழே பேசின் வைத்திருந்தா. தொழுகைப் பாய் ஹோலுக்குப் போயிருந்தது. மேலிருந்து சொட்டுவது பாத்ரூம் தண்ணி அல்லவா? "எத்தின நாளா ராத்தா?" "ரெண்டு மாசத்துக்கு மேலடி. நீ லோன் கட்டிக்கிட்டிருக்கிற நேரம், எப்படிச் சொல்ற?"

இவர் ஒரு யோசனை சொன்னார். மூலையில் ஒரு ஷவர் ட்ரே வாங்கி வைத்துவிட்டால் தண்ணி எல்லாம் அதற்குள் விழும், டைல்ஸை உடைக்கத் தேவையில்லை என்றார். வாங்கியும் வந்தார். அதே மேசன் காக்காவுக்குத்தான் வெட்கத்தோடு கோல் எடுத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ட்ரேக்குள்ள விழுற தண்ணிய ட்ரே பிடிக்கும் டீச்சர். வுழு எடுக்கிற பைப், வாளி, நிலம் கழுவுற தண்ணி எல்லாத்தையும் ஆர் பிடிக்கிற?" என்று கேட்டார். சரிதானே. வெளிநாட்டு வீடியோக்களில் ஷவர் மூலை மட்டும்தான் நனைகிறது. நம்மட பாத்ரூமில் கதவடி வரைக்கும் தண்ணி.

உடைத்தோம். டைல்ஸுக்குக் கீழே இருந்த சீமெந்துக் கலவை கறுத்து ஊறிப்போய் நாற்றமடித்தது. டைல் தண்ணியைத் தடுக்காது, டைல்களுக்கு இடையில் பூசுகிற கலவையால் மெல்ல மெல்ல இறங்கும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. தடுக்க வேண்டியது கீழே பூசுகிற பூச்சுதான். ஒழுகிய இடமோ ராத்தாவின் மூலைக்கு நேர் மேலே இல்லை. தண்ணி போகிற குழாய் பிளேட்டைத் துளைத்து இறங்குகிற இடத்தில், குழாயைச் சுற்றி ஒரு மயிர் இடைவெளி. அங்கே இறங்கிய தண்ணி பிளேட்டுக்குள் தனக்கு வழி தேடிப் போய், அந்த மூலையில் சொட்டியிருக்கிறது.

கொங்கிரீட் வரைக்கும் சுரண்டி, கழுவி, ஃபேன் போட்டுக் காயவிட்டார்கள். குழாயைச் சுற்றிக் கொத்தி, காயும்போது சுருங்காத கிரவுட்டால் அடைத்தார் காக்கா. நிலமும் சுவரும் சேருகிற மூலைகளில் கலவை வைத்து உருட்டிவிட்டார். கூரான மூலையில்தான் பூச்சு முதலில் வெடிக்குமாம். பிறகு தூளும் பாலும் கலக்கிற வாட்டர் புரூஃப். முதல் கோட் நீளப்பாட்டில், அது இறுகியதும் அடுத்தது குறுக்காக. மூலைகளிலும் குழாயடியிலும் வலைத்துணி வைத்து அதன் மேல் பூசினார். சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் தலைக்கு மேல் வரைக்கும். வாசல்படியையும் விடவில்லை.

காய்ந்த பிறகு, நான் வேண்டாம் என்ற அந்த ரெண்டு நாள். குழாய் வாயை அடைத்து, ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். தண்ணி தானாக ஆவியாகியும் குறையுமே என்று பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணி வைத்து அதிலும் கோடு போட்டேன். ரெண்டும் ஒரே அளவு குறைந்தால் பயமில்லை. காக்கா சிரித்தார். அந்த ரெண்டு நாளும் ராத்தா மணிக்கொரு தடவை கீழே முகட்டைப் பார்த்துவிட்டு, "இல்லடி, காய்ஞ்சுதான் இருக்கு" என்று படியடியில் நின்று சத்தம் போட்டா. வாளியிலும் நிலத்திலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் வாட்டம் வைத்துக் கலவை போட்டார்கள். அடிக்குக் கால் அங்குலம், ஐந்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம். பழைய நிலத்தில் வுழு எடுக்கிற இடத்தில் எப்போதும் தண்ணி தேங்கும், நான் தினமும் தும்புத்தடியால் தள்ளிவிடுவேன். தரம் 10 பிள்ளைகளுக்குப் படித்திறன் படிப்பிக்கிறவள்!

ட்ரே வைக்கிற இடம் மட்டும் வேறு மாதிரி. ட்ரேக்குள்ளேயே வாட்டம் இருப்பதால் அடியில் வாட்டம் வேண்டாம், நாலு பக்கமும் ஸ்பிரிட் லெவலில் மட்டமாக இருக்கணும். அடி முழுக்கக் கலவையில் உட்காரணும். எங்காவது பொள்ளல் இருந்தால் ஆள் ஏறி நிற்கும்போது ட்ரே அசையும், அசைந்தால் சுவரோரத்து சிலிக்கனும் குழாய் மூட்டும் விடும். காக்கா கலவை போட முந்தி ட்ரேயை வெறுமனே வைத்து, தண்ணி ஊற்றி, குழாய் மூட்டைக் கையால் தடவிப் பார்த்தார். இந்த முறை நான் வாய் திறக்கவில்லை.

வேலை முடிய மூணு கிழமை போனது. அத்தனை நாளும் நாங்கள் நாலு பேரும் ராத்தாவின் பாத்ரூமில்தான் குளித்தோம். சுபஹுக்கு வுழு எடுக்க இறங்கினால் படியடி லைட் எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அங்கே வைத்துத்தான் நான் அவவைப் பற்றி நினைத்ததைச் சொன்னேன். "விசரி" என்று மட்டும் சொன்னா.

பாய் பழைய மூலைக்கு வந்துவிட்டது. முகட்டுக் கறை இன்னும் இருக்கிறது. பிளேட் நன்றாகக் காய ஒரு மாதமாவது விட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும் என்கிறார் காக்கா. நிறம் ராத்தாவின் தெரிவு, காசு என்னுடையது. இப்போதைக்கு மூணு நிறம் மாற்றியிருக்கிறா.