ஆரிட சைக்கிள்?

வன்னியில் ஒரு மனிதனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் முதலில் காணியைச் சொல்வார்கள். அடுத்தது சைக்கிள். பேச்சில் அது சைக்கிள். பிரதேச சபைத் துண்டில் துவிச்சக்கர வண்டி. புலிகளின் காலத்தில் ஈருருளி. விறகு, நெல்மூட்டை, மீன்பெட்டி, தண்ணீர்க் கான், காய்ச்சல்காரப் பிள்ளை எல்லாம் அதன் கரியரில்தான் போயின. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றறியும் இல்லாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள் இங்கிருந்தவர்கள். நாங்கள் அப்போது புத்தளத்தில் இருந்தோம்.

தண்ணீரூற்றில் வாப்பாவுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் நான்கு தடி, மேலே கிடுகு, ரியூப்பை அமுக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு பம்பு. முள்ளியவளை, குமுழமுனைப் பக்கமிருந்து வருகிற சைக்கிள்களையெல்லாம் ஆளைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். செயின் கவர் தட்டுகிற சத்தத்திலேயே இன்னார் வருகிறார் என்பார். பழைய சைக்கிளும் வாங்கி விற்றார். தெரியாத சைக்கிள் ஒன்றை யாராவது விற்கக் கொண்டுவந்தால் விலை பேசமாட்டார். “இது ஆரிட சைக்கிள்?” என்பார். “மச்சான்ர.” “அப்ப மச்சானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.” அவ்வளவுதான். போனவர்களில் பலர் மச்சானோடு திரும்பி வரவில்லை.

அதை நான் வாப்பாவின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. அது அந்தக் காலத்து வியாபாரத்தின் சாதாரண ஒழுங்கு. களவெடுத்த சைக்கிளை அதே ஊரில் ஓட முடியாது, விற்கவும் முடியாது. ஊரே கண்ணாக இருந்தது. களவுச் சைக்கிளை ஓமந்தைக்கு அப்பால் கொண்டுபோனால்தான் உண்டு. அங்கும் ஒரு கடைக்காரன் அதே கேள்வியைக் கேட்பான்.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. களவெடுத்தவன் ஒரு படம் எடுத்து, இக்மன் போன்ற விளம்பரத் தளத்திலோ முகநூலின் விற்பனைப் பக்கத்திலோ போட்டுவிட்டால் போதும். கிளிநொச்சியில் காலையில் காணாமற்போனதை மாலையில் வவுனியாவிலோ அநுராதபுரத்திலோ இருக்கிற ஒருவர் போனில் பார்த்து விலை கேட்கிறார். இருவருக்கும் முகம் தெரியாது, சைக்கிளின் கதையும் தெரியாது. இணையம் களவைக் கண்டுபிடிக்கவில்லை, அது ஆதிகாலத் தொழில். களவுப் பொருளுக்கு இருந்த தூரத்தை அது அழித்துவிட்டது.

2022ஐ இதில் மறக்க முடியாது. அந்த ஆண்டு யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அரசாங்கம் அறிவித்தபோது நாடே சைக்கிளில் ஏறியது. கொழும்பில் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் சைக்கிள் மிதிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. எங்களுக்கு அதில் ஒரு சிரிப்பும் இருந்தது. நாங்கள் எந்தக் காலத்தில் இறங்கினோம், ஏறுவதற்கு? ஆனால் சிரித்தது கொஞ்ச நாள்தான். சைக்கிளின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. கூலி வேலைக்காரன் ஒருவனுக்குப் புதுச் சைக்கிள் எட்டாப் பொருளானது. அதுவரை ரியூசன் வாசலில் பூட்டாமல் கிடந்த லுமாலாவுக்குத் திடீரென்று பெறுமதி வந்தது. பெறுமதி வந்தால் கள்ளன் வருவான். மலிவாகத் தேடுகிறவனும் வருவான். எனக்குக் கள்ளனைவிட இரண்டாமவனோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன், இப்போது மேசன் வேலை செய்கிறான், போன வருடம் வந்தான். “சேர், இதை ஒருக்காப் பாருங்கோ. பதினெட்டாயிரமாம். ஓடினதே இல்லையெண்டு சொல்லுறான்.” படத்தில் சைக்கிள் ஒரு வெள்ளைச் சுவரோடு சாய்ந்து நின்றது. வீடில்லை, முற்றமில்லை, மனிதரில்லை. பில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். பில் தொலைந்துவிட்டது என்று பதில் வந்தது. வீட்டுக்கு வரலாமா என்று கேட்டதற்கு, பரந்தன் சந்தியில் பின்னேரம் ஆறரைக்கு நிற்பதாகச் சொன்னான். பிறேம் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அதற்குப் பதிலே இல்லை.

பிறேம் இலக்கம் என்றால் இன்று பலருக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. சைக்கிளைக் கவிழ்த்தால், அநேகமானவற்றில் இரண்டு பெடல்களும் பூட்டுகிற அச்சுக்கூட்டின் அடியில் இரும்பிலேயே அடித்திருக்கும். சேறு காய்ந்து மூடியிருக்கும், துடைத்துப் பார்க்க வேண்டும். பிரதேச சபை இலக்கத் தகட்டை ஒரு திருகாணியில் கழற்றிவிடலாம். இந்த இலக்கத்தைக் கழற்ற முடியாது, அராவத்தான் முடியும். அராவினால் அராவிய தடம் நிற்கும். தடத்தின்மேல் புதுப் பெயின்ற் பூசியிருந்தால் அதுவே சாட்சி.

விட்டோரியோ டி சிக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ரோமில் பியாற்சா விற்றோறியோ சந்தையில் தகப்பனும் மகனும் கூட்டாளிகளும் தொலைந்த சைக்கிளைத் தேடுகிறார்கள். முழுச் சைக்கிளை அல்ல. கள்ளன் கழற்றி விற்றிருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் பிறேமைப் பார்க்க, ஒருவர் சில்லைப் பார்க்க, சின்னப் பையனுக்குப் பம்பும் மணியும் ஒதுக்கப்படுகிறது. ஒருவன் பிறேம் ஒன்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கிறான். பொலிஸ்காரனைக் கூப்பிட்டு இலக்கம் பார்க்கிறார்கள். இலக்கம் வேறு. அந்தப் படத்தைப் பற்றி நம் சஞ்சிகைகளில் எவ்வளவோ எழுதியாயிற்று, நவயதார்த்தம் அது இது என்று. சந்தையில் வாங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பற்றி யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை. அவர்கள் இல்லையென்றால் அந்தச் சைக்கிளை எதற்கு எடுக்கப்போகிறான்?

வாங்குகிறவருக்கு ஒரு நியாயம் தயாராக இருக்கிறது: “நான் களவெடுக்கேல்லயே, காசு குடுத்துத்தானே வாங்கினனான்.” இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு, களவுப் பொருளென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ நேர்மையீனமாக வாங்குவதையும் வைத்திருப்பதையும் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. அது ஒருபுறம். தெரியாமலே வாங்கியிருந்தாலும் சைக்கிள் அவருடையதாகிவிடுவதில்லை. விற்றவனிடம் இல்லாத உரிமையை அவன் எப்படிக் கொடுப்பான்? சொந்தக்காரர் அடையாளம் காட்டினால் சைக்கிளும் போகும், காசும் போகும். நம் மார்க்கச் சட்டத்திலோ, வழியில் கண்டெடுத்த பெறுமதியான பொருளையே ஓராண்டு அறிவித்துச் சொந்தக்காரரைத் தேட வேண்டுமென்று ‘லுக்தா’ பாடத்தில் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். கண்டெடுத்ததற்கே அந்தக் கணக்கு என்றால், பாதி விலைக்குச் சந்தியில் வாங்கியதற்கு என்ன கணக்கு?

இதை நம் பக்கத்தில் எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நாங்கள் விட்டுப்போனவற்றில் வாப்பாவின் ஹம்பரும் ஒன்று. விறாந்தையில் நின்றது. பிறகு அதை யார் ஓடினார்கள், என்ன விலைக்கு என்று தெரியாது. தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வாப்பா இடைக்கிடை கேட்டது சைக்கிளைப் பற்றியல்ல. “வாங்கினவன் ஆரிடயெண்டு கேட்டிருப்பானோ?” என்றுதான் கேட்பார்.

2009இல் அதே தெருக்களால் தமிழ்ச் சனம் நடந்தது. பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சைக்கிள்களில் சாமானைக் கட்டி உருட்டிக்கொண்டு போனவர்கள், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டும்போது பெரும்பாலும் வெறுங்கையோடு தாண்டினார்கள். விட்டுப்போன சைக்கிள்கள் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. பிறகு பழைய இரும்பு வியாபாரம் வந்தது. பல ஊர்க்காரரும் லொறியோடு வந்தார்கள். அதில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இரும்புக்கு நிறை பார்த்தார்களே தவிர, ஆரிட என்று கேட்கவில்லை. மீள்குடியேறியவர்களுக்கு இந்திய அரசு பத்தாயிரம் சைக்கிள்கள் கொடுத்ததும், தொண்டு நிறுவனங்கள் கொடுத்ததும் அதற்குப் பின்னர்தான். மொத்தமாக வந்த சைக்கிள்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இலக்கம் எழுதி வைக்காவிட்டால் தாய்க்கும் அடையாளம் தெரியாது.

யப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவது சட்டப்படி கட்டாயம். கடையிலேயே பதிந்து இலக்க ஒட்டியும் ஒட்டிக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் பழைய சைக்கிள் வாங்குகிறவர் பிறேம் இலக்கத்தை அரசாங்கப் பதிவேட்டில் போட்டு, களவு போனதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். விற்பனைப் பக்கங்களை நடத்துகிற நம் பொடியன்கள், பிறேம் இலக்கம் இல்லாத சைக்கிள் விளம்பரத்தைப் போடவிடாமல் தடுக்கலாம். ஒரு வரி நிபந்தனைதான். வாங்குகிறவர் விற்பவரின் வீட்டுக்குப் போய், அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு துண்டு எழுதி வாங்கலாம். நேர்மையாக விற்கிறவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

மேசன் பையன் அதை வாங்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது விளம்பரம் இல்லை, விற்றுப்போயிருக்கும்.

எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறா. கணவன் இல்லை. மகள் உயர்தர வகுப்புக்கு ஏழு கிலோமீற்றர் போய்வந்த சைக்கிள் மாசியில் ரியூசன் வாசலில் காணாமற்போனது. பொலிஸில் பிறேம் இலக்கம் கேட்டார்களாம். அவவிடம் இலக்கமில்லை. சீற் உறை கிழிந்த இடத்தில் நீல நூலால் தான் தைத்த தையல் இருக்கும், கண்டால் சொல்லுவன் என்றா. மகள் இப்போது பஸ்ஸில் போகிறாள். பஸ் வராத நாளில் போவதில்லை. இளைய மகன் இரவில் தமயனின் போனை வாங்கி விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறான். விற்கிறவர்கள் அநேகமாகச் சைக்கிளைப் பக்கவாட்டில்தான் படம் எடுக்கிறார்கள். சீற்றின் மேற்பக்கம் தெரிவதில்லை.