அவசரப்பட்ட அண்ணன்

வொர்க்‌ஷாப்பில் லேத்தை ஓட்டுமுன் இரண்டு தடவை சரிபார்க்கும் நான், வீட்டு மீன் தொட்டியில் அவசரப்பட்ட கதை இது.

திருமழிசையில் எங்கள் வீட்டுத் தொட்டியில் தங்கை ஆசையாய் வளர்த்த எட்டு கப்பி மீன்கள் இருந்தன. ஒரு ஞாயிறு, வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூருக்குப் போய் இரண்டு ஏஞ்சலும் ஒரு சக்கரும் வாங்கி வந்தேன். கவர் தண்ணீரோடு அப்படியே கொட்டினேன். நான்காம் நாள் மீன்கள் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஒரே வாரத்தில் ஆறு கப்பி போச்சு. "ஏண்ணா, உனக்கு என்ன அவசரம்?" என்றாள் தங்கை. என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் கற்றேன். ஏஞ்சல் வளர்ந்தால் சின்னக் கப்பியை விழுங்கிவிடும். சேர்ந்து வாழுமா என்று பார்த்துத்தான் வாங்கணும். கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்க்கணும். மீனை மட்டும் வலையில் எடுத்து, தனி டப்பில் மூன்று வாரமாவது வைத்துக் கவனிக்கணும். அதற்கப்புறமே தொட்டி.

சக்கர் ஓரடியை நெருங்கியது. "செம்பரம்பாக்கம் ஏரியில விட்டுடுடா" என்றார் அப்பா. "வேணாம்ப்பா, அது தென் அமெரிக்க மீன். பெருகினா கரையைத் தோண்டும், வலையைக் கிழிக்கும், நம்ம மீனுக்கு இரை மிஞ்சாது" என்றேன். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பனிடம் கொடுத்தோம்.

இப்போது தங்கை புதுக் கப்பி கேட்கிறாள். டப் தயார். மூன்று வாரம் பொறுக்க நானும் தயார்!