சீயான் நகரில் பத்து மாதம்

எங்கள் இரண்டாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் நான் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவன். "ஒரு வருஷத்தை எங்கேடா தொலைச்சே?" என்று கேட்காத நண்பர் இல்லை. "சீனாவில்" என்றால் நான் கேலி பேசுவதாக எண்ணிச் சிரிக்கிறார்கள். ஊரின் பெயர் சீயான் என்றால் நடிகர் விக்ரமின் நினைவு வந்து இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தா என்று தமிழ்த்துறை ஐயா பணித்தபோது, கேட்டவர், கேட்காதவர் அனைவருக்கும் ஒரே முறையாக விடை சொல்லிவிடலாம் என்று துணிந்தேன்.

நான் 2023-இல் மேல்நிலைத் தேர்வில் தேறினேன். நீட் தேர்விலும் தேறினேன். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரிப் படியை மிதித்தவர் எவரும் இல்லை. அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளி. வீட்டில் மூன்று தறிகள் இருந்தன. "அஞ்சே வருஷம், பாடம் முழுக்க இங்கிலீஷ்ல, திரும்பி வந்தா டாக்டர்" என்று முகவர் ஒருவர் எங்கள் திண்ணையில் அமர்ந்து சொன்னார். அடுத்த மாதம் இரண்டு தறிகளும் அவை இருந்த பின்கட்டு இடமும் கைமாறின. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. போதாததற்கு வட்டிக்கு வாங்கினோம். தெரு முனையில் நண்பர்கள் பேனர் கட்டினார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த யாரோ ஒருவருடைய உடலில் என் தலையை ஒட்டி, கீழே 'வருங்கால மருத்துவர்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அப்பா அதிகம் பேசாதவர். மீனம்பாக்கத்தில் விடைபெறும்போது என் பையின் வாரைச் சரிசெய்துவிட்டு, "ஒத்து வரலேன்னா வந்துடு தம்பி" என்றார். இந்த ஒரு வாக்கியம் பத்து மாதமும் என்னை விடவில்லை.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020-இல் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கின. ஆகவே நான் கோலாலம்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். சீயானின் பழைய பெயர் சாங்கான். டாங் வமிசத்துப் பேரரசர்கள் ஆண்ட தலைநகரம். நகரின் நடுவே இன்று நிற்கும் கோட்டைச் சுவர் பிற்கால மிங் வமிசத்தார் கட்டியது. அதன் சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேலே வாடகைக்கு மிதிவண்டி எடுத்து ஓட்டலாம். அவ்வளவு பெரிய கோட்டைக்குள் அடங்குவது பழைய சாங்கானில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் என்று அறிந்தபோது, மிதிவண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் வாயடைத்து நின்றேன்.

ஒரு நாள் கோட்டைமேல் முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "யின்து?" என்றார். இந்தியாவா என்று பொருள். தலையசைத்தேன். அவர் தெற்குத் திசையைக் காட்டி, "சுவான்சாங்!" என்றார். நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங்தான்! அத்திசையில் அவர் கொண்டுவந்த நூல்களைக் காப்பதற்காக 652-இல் எழுப்பிய ஏழடுக்குக் கோபுரம் நிற்கிறது. அவர் நாளந்தாவில் மாணவராக இருந்தவர். பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியவர். "எங்கள் ஊர்! எங்கள் ஊர்!" என்று எனக்குத் தெரிந்த நான்கு சீனச் சொற்களைக் கொண்டு சொல்லப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

வரலாறு இவ்வளவு இனிமையாக இருந்தாலும், விடுதி வாழ்க்கை வேறு. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடம். என் அறைத் தோழன் பாகிஸ்தானைச் சேர்ந்தவன். இருவரும் கிரிக்கெட் பற்றிப் பேசுவதில்லை என்று முதல் வாரமே உடன்படிக்கை செய்துகொண்டோம். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அரிசிச் சோற்றுக்கு ஏங்கிப் போனேன். அது கோதுமை விளையும் சீமை. எங்கு திரும்பினாலும் நூடுல்ஸும் ஆவியில் வேகவைத்த ரொட்டியும்தான். இடுப்பு வார் அகலத்துக்கு ஒரு நூடுல்ஸ் உண்டு. அதன்மேல் மிளகாய்த்தூளைக் குவித்து, புகையக் காய்ந்த எண்ணெயை ஊற்றுவார்கள். 'சொர்' என்ற அந்த ஓசையும் மணமும் அம்மா ரசம் தாளிக்கும் நேரத்தை அப்படியே கொண்டுவந்து கண்முன் நிறுத்திவிடும். முதல் முறை கேட்டபோது கடைக்காரர் எதிரிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காரம் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார்.

பரந்த அந்த நாடு முழுவதற்கும் ஒரே நேரம்; பெய்ஜிங் நேரம். ஆகவே குளிர்காலத்தில் சீயானில் பொழுது விடிய எட்டு மணி ஆகிவிடும். இருட்டிலேயே உறைபனியை மிதித்துக்கொண்டு எட்டு மணி வகுப்புக்குப் போவோம். அப்போது காஞ்சியில் ஐந்தரை. அப்பா தறிக் குழியில் காலை வைக்கும் நேரம். அந்த ஒற்றுமையை நினைத்துக்கொண்டே நடப்பேன்.

வீட்டுக்குப் பேசுவதோ பெரும்பாடு. அங்கே வாட்ஸ்அப் இயங்காது. அங்குள்ளோர் அனைவரும் பயன்படுத்தும் வீசாட் செயலிக்கு 2020 முதல் நம் நாட்டில் தடை. குறுக்கு வழிகள் உண்டு. கல்லூரி மலரில் அவற்றை எழுதுவது முறையன்று. ஞாயிறுதோறும் காசு செலவழித்துத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசுவேன். அம்மா "சாப்பிட்டியா?" என்பதிலேயே நான்கு நிமிடம் போய்விடும். அப்பா கடைசியில் வாங்கி, "குளிரா?" என்பார். "இல்லைப்பா" என்பேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

மருத்துவப் பாடங்களோடு சீன மொழியும் கட்டாயம். நோயாளியிடம் அவர் மொழியில் பேசத் தெரியாமல் மருத்துவமனைப் பயிற்சி எப்படிச் செய்வது? மொழி கற்பித்த அம்மையாரை 'லாவ்ஷி' என்று அழைப்போம். ஆசிரியர் என்று பொருள். அவர் முதல் நாளே எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனப் பெயர் சூட்டினார். மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், கல்வெட்டு ஒன்றின் மைப்படியைத் திரையில் காட்டி, "உங்களைப் போல இவரும் வெளிநாட்டு மாணவர், இவருக்கும் சீனப் பெயர்தான்" என்றார்.

அது ஒரு நினைவுக் கல். 2004-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. சீயானிலுள்ள வடமேற்குப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கல்லிலுள்ள பெயரைச் சீனத்தில் ஜிங் சென்செங் என்று படிக்கிறார்கள். நாடு ஜப்பான். அவருடைய சொந்த ஜப்பானியப் பெயர் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 734-ஆம் ஆண்டின் முதல் மாதத்தில், முப்பத்தாறாம் வயதில், சாங்கானில் இறந்துபோனார். எந்த நாள் என்பதைக் கல்லில் படிக்க முடியவில்லை. சலியாமல் படித்தவர், படிப்பு முடியுமுன் போய்விட்டார் என்று கல் வருந்துகிறது. பேரரசர் இரங்கி அவருக்கு ஒரு பதவிப் பட்டம் அளித்தாராம். அடக்கச் செலவை அரசே ஏற்றதாம். உடல் அயல் மண்ணில் புதைந்தாலும் உயிராவது ஊர் திரும்பட்டும் என்ற கருத்தோடு கல் முடிகிறது.

ஜிங் என்ற எழுத்துக்குக் கிணறு என்று பொருள். நெடுக்கில் இரண்டு கோடு, குறுக்கில் இரண்டு கோடு, அவ்வளவுதான். சீன எழுத்துகளில் எனக்குச் சட்டென்று பிடிபட்ட சிலவற்றுள் அது ஒன்று. நெசவாளி மகனுக்கு அது பாவும் ஊடையுமாகத்தானே தெரியும்! அன்று மாலை முழுவதும் குறிப்பேட்டில் அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தகைய மாணவர்களைத் தேடிப் படிக்கும் பைத்தியம் பிடித்தது. கல்லெழுத்துக் காடு என்று பெயர் பெற்ற அருங்காட்சியகம் ஒன்று அங்கே உண்டு. அதில் 837-இல் செதுக்கி முடித்த 114 கற்கள் இருக்கின்றன. பாடநூல்களைப் பிழையின்றிக் காப்பதற்காகக் கல்லில் வெட்டி, தலைநகரத்துக் கல்விச்சாலையில் நிறுத்தியிருந்தார்களாம். ஜப்பானிலிருந்து 717-இல் வந்த அபே நோ நகமாரோ அங்கேயே அரசு அலுவலில் அமர்ந்தார். 753-இல் தாய்நாடு திரும்பக் கப்பலேறினார். புயல் அவரைத் தெற்கே அன்னாம் நாட்டுக் கரையில் தள்ளியது. மீண்டும் சாங்கானுக்கே வந்து, 770-இல் அங்கேயே மறைந்தார். 1979-இல் சிங்ச்சிங் பூங்காவில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறார்கள். அதன் அடியில் முதியவர்கள் மெல்ல மெல்லக் கைகளை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

கொரிய மண்ணில் அந்நாளில் இருந்த சில்லா நாட்டிலிருந்து சோய் சிவொன் என்பவர் 868-இல் வந்தார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு! பத்து ஆண்டுக்குள் தேர்வில் தேறாவிட்டால் நீ என் மகன் அல்லன் என்று சொல்லித் தந்தை கப்பலேற்றினாராம். பிள்ளை ஆறே ஆண்டில், 874-இல், தேறிவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தந்தை கொடியவர் என்று முதலில் தோன்றியது. பிறகு, அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கும் எளிதாக இருந்திருக்குமே என்று தோன்றியது. கட்டளையிட்டால் பற்களைக் கடித்துக்கொண்டு படித்துத் தீர்க்கலாம், அல்லது கோபித்துக்கொள்ளலாம். 'ஒத்து வரலேன்னா வந்துடு' என்று சொல்லிவிட்டு, இரண்டு தறிகளை விற்றுவிட்டு நிற்பவரை என்ன செய்வது?

ஏனெனில் அதற்குள் எனக்கு உண்மை தெரிந்திருந்தது. மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்களுக்கு மூத்த மாணவர். கொரோனாக் காலத்தில் 2020-இல் ஊருக்கு வந்தவர், விசா கிடைக்காமல் இரண்டரை ஆண்டு வீட்டிலிருந்தே கைப்பேசியில் மருத்துவம் படித்தவர். ஒரு நாள் என்னை உட்கார வைத்து, தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வகுத்த விதிகளைத் தாளில் எழுதிக் காட்டினார். படிப்பு குறைந்தது 54 மாதம். அதே நாட்டில், அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. தாயகம் திரும்பித் தகுதித் தேர்வு. அதில் தேறினால் இங்கே மீண்டும் 12 மாதம் பயிற்சி. "ஆறரை வருஷம் தம்பி. தேர்வுல ஒரே தடவையில தேறினாத்தான் அந்தக் கணக்கு" என்றார். ஐந்து ஆண்டுக்கே எங்களிடம் பணம் இல்லை. பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நான் படிப்பைக் கண்டு அஞ்சவும் இல்லை. முதலாண்டுத் தேர்வுகளில் தேறினேன். கணக்குத்தான் ஒத்து வரவில்லை.

அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் திரிந்தேன். ஞாயிறுதோறும் "நல்லாப் படிக்கிறேன்பா" என்றேன். பொய்யன்று, ஆனால் உண்மையும் அன்று. திரும்பினால் தெரு என்ன சொல்லும், பேனர் கட்டிய நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்ற நினைவே என்னை வாட்டியது. கடனைவிட அந்தப் பேனருக்குத்தான் அதிகம் அஞ்சினேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

2024 ஜூலையில் விடுமுறைக்கு என்று வந்தேன். வந்த மூன்றாம் நாள் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு எண்கள் தெரியும். சங்கத்தில் கூலிக் கணக்குப் பார்த்துப் பழகியவர். இரண்டு முறை பார்த்தார். "இதை எப்போ எழுதினது?" என்றார். "ஏப்ரல்லப்பா." அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து, "அப்பவே வந்திருக்கலாம்ல?" என்றார். அம்மா அடுப்படியில் அழும் ஓசை கேட்டது. இந்தக் கல்லூரியில் கடைசி நாள் கலந்தாய்வில் வேதியியலில் ஓர் இடம் காலியாக இருந்தது. சேர்ந்தேன்.

பேனர் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? ஐப்பசி மழையில் கூரை ஒழுகியபோது அதைத் தறியின்மேல் விரித்துக் கட்டியிருந்தார் அப்பா. வெள்ளைக் கோட்டுப் பக்கம் கீழ் நோக்கி இருந்தது. நெய்யும் நேரமெல்லாம் அண்ணாந்தால் அவருக்கு என் முகம்தான்.

மீதமிருக்கும் அந்த ஒரு தறியில் இப்போது இரவிலும் நெய்கிறார். கடனில் பாதி அடைந்திருக்கிறது. கோர்வைப் புடவைக்குக் கரை வாங்கித் தர ஓர் ஆள் வேண்டும்; கல்லூரி விட்டு வந்ததும் நான் உட்காருவேன். சென்ற மாதம் ஓரிரவு பேச்சு வாக்கில் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். ஜப்பான் தேசத்துப் பையன், படிக்கப் போன இடத்தில் இறந்தான், ராஜாவே செலவு செய்து புதைத்தார் என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்பாவின் கால் மிதியில் நின்றது.

"அவங்க அப்பனுக்கு யார் போய்ச் சொன்னாங்க?"

கல்லில் அது இல்லை. அதே ஆண்டின் இறுதியில் அவர் நாட்டுக் கப்பல்கள் சீனாவிலிருந்து புறப்பட்டன. படிப்பு முடித்த மாணவர்கள் சிலர் அதில் திரும்பினார்கள். அவர்கள் யாராவது போய்ச் சொல்லியிருக்கலாம் என்றேன்.

"அப்போ ஒரு பத்து மாசம் தாங்கியிருந்தா, அவனும் ஏறியிருப்பான்" என்றார்.

"ஆமாம்ப்பா."

சிறிது நேரம் நூலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு விளக்கை நிமிர்த்தி வைத்து, "காலையில காலேஜ் இருக்குல்ல, போய்ப் படு" என்றார். நான் எழுந்து போன பிறகும் நெடுநேரம் தறி ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.